கரைய வேண்டியதும் கரையக் கூடாததும்: பாய்மரப் படகுப் பராமரிப்பின் அரிச்சுவடி

துறையில் சும்மா கட்டிக் கிடக்கும் படகும் தினம் கொஞ்சம் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. உப்புத் தண்ணீர் அதன் உலோகங்களைக் கரைக்கிறது. வெயில் பாயின் தையலை இற்றுப்போக வைக்கிறது. அடியில் பாசியும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற சிற்றுயிரும் குடியேறுகின்றன. பராமரிப்பு என்று தேடத் தொடங்கினால் நூறு வேலைகள் கண்முன் வந்து நிற்கும். புதிதாக வருகிறவருக்கு மலைப்பாகத்தான் இருக்கும். அத்தனை வேலைகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே கருத்து என்பது என் எண்ணம். படகில் சில பாகங்கள் கரைந்து போவதற்காகவே வைக்கப்பட்டவை. சில பாகங்கள் கரையவே கூடாதவை. முதல் வகை தீர்ந்துபோவதற்குள் அதை மாற்றிவிட்டால் இரண்டாவது வகை பிழைத்துக்கொள்ளும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பராமரிப்பில் பாதி கைக்கு வந்துவிட்டது.

உதாரணத்துக்கு ஒரு படகை வைத்துக்கொள்வோம். வெஸ்டர்லி சென்டார். இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மவுத்துக்குப் பக்கத்தில் 1969 முதல் 1980 வரை கட்டப்பட்ட 26 அடி ஃபைபர் படகு. 2,400க்கும் மேல் கட்டினார்கள்; இன்றும் அந்தக் கரையோரக் கழிமுகங்களில் நிறைய நிற்கின்றன. யாட் என்றால் கோடீஸ்வரர் சமாச்சாரம் என்று நினைக்கிறோம், ஆனால் இதை ஒரு பழைய காரின் விலைக்கு வாங்கிவிடலாம். அடியில் ஒற்றைக் கீல் (படகைக் கவிழாமல் பிடிக்கும் கனமான அடித்தகடு) இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வார்ப்பிரும்புக் கீல்கள் இருப்பதால், ஓதம் இறங்கிக் கடல் வற்றும்போது சேற்றில் நிமிர்ந்தே உட்காரும். இந்தக் குணம் பராமரிப்புக்கு எவ்வளவு உதவுகிறது என்று பின்னால் பார்ப்போம்.

முதலில் உலோகம். 1761ல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிமரத்தை மெல்லிய செம்புத் தகடுகளால் மூடியது. மரத்தைத் துளைக்கும் புழுவிலிருந்து காப்பாற்றத்தான். தகடு தன் வேலையைச் செய்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள், தகடுகளைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் இற்றுப்போய்விட்டன. சோதித்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். தகடுகள் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வந்தவை. சில இடங்களில் அந்தக் காகிதத்தைக் கிழிக்காமல் அப்படியே அடித்திருந்தார்கள். காகிதம் இடையில் மாட்டிக்கொண்ட இடங்களில் ஆணிகள் நன்றாகவே இருந்தன.

இன்று அதற்குக் காரணம் தெரியும். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் கடல் நீரில் நனைந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும் இருந்தால் அது ஒரு பேட்டரி ஆகிவிடுகிறது. இரண்டில் எளிதாக எலக்ட்ரானை விடுகிற உலோகம் கரையும், மற்றது தப்பிக்கும். செம்பும் இரும்பும் சேர்ந்தால் கரைவது இரும்பு. நடுவில் காகிதம் வந்தால் தொடர்பு அறுந்துவிடுகிறது, பேட்டரி வேலை செய்வதில்லை. கரையும் வரிசையில் மக்னீசியம் முதலில் நிற்கும்; பின்னால் துத்தநாகம், அலுமினியம், இரும்பு, அப்புறம் பித்தளை, செம்பு, வெண்கலம். நல்ல எவர்சில்வர் கடைசியில்.

சென்டாரின் அடியில் என்னென்ன இருக்கின்றன? வெண்கலமோ பித்தளைக் கலவையோ ஆன புரொப்பெல்லர், அதைச் சுழற்றும் எவர்சில்வர் ஷாஃப்ட், வார்ப்பிரும்புக் கீல். எல்லாம் ஒரே உப்புத் தண்ணீரில் நிற்கின்றன. சண்டையைத் தவிர்க்க முடியாது. அதனால் இவை எல்லாவற்றையும்விட எளிதாகக் கரையக்கூடிய ஒரு துத்தநாகக் கட்டியைக் கொண்டுவந்து, ஒயர் போட்டு இவற்றோடு இணைத்துவிடுகிறோம். பேட்டரியில் கரைகிற பங்கை அது ஏற்றுக்கொள்கிறது, மற்றவை தப்புகின்றன. இதற்குப் பெயர் ஆனோடு. படகுக்காரர்கள் வெறுமனே ‘ஜிங்க்’ என்பார்கள்.

ஆனோடு விஷயத்தில் சில நுணுக்கங்கள் உண்டு. புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். அதன்மேல் பெயின்ட் படவே கூடாது. தண்ணீர் தொடாத துத்தநாகத்தால் பயனில்லை. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். முழுசாகத் தீரட்டும் என்று காத்திருந்தால் அடுத்து கரைவது புரொப்பெல்லர். ஒரு வருடம் கழித்துத் தூக்கிப் பார்க்கும்போது ஆனோடு புத்தம்புதிதாகப் பளபளத்தால் சந்தோஷப்படாதீர்கள். அது எதனோடும் இணையவில்லை என்று அர்த்தம். படகின் உடலில் போல்ட் போட்ட ஆனோடிலிருந்து உள்ளே ஒரு ஒயர் இன்ஜினுக்குப் போகும். இன்ஜினையும் ஷாஃப்டையும் சேர்க்கும் இடத்தில் அதிர்வைத் தாங்க ரப்பர் கப்ளிங் இருந்தால், மின்சாரம் அங்கேயே நின்றுவிடும். ரப்பரைத் தாண்டிப் போகிற மாதிரி ஒரு சின்ன உலோகப் பட்டை போட வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆனோடிலும் மறுமுனையை புரொப்பெல்லரிலும் வைத்துப் பாருங்கள். மின்தடை ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தால் சரி.

இதற்கு நேர்மாறான பிரச்சினையும் உண்டு. வருடம் முழுக்க வர வேண்டிய ஆனோடு சில வாரங்களில் காணாமல் போகும். மரினாவில் (படகுகளைக் கட்டிவைக்கும் துறை) கரை மின்சாரத்தில் செருகி வைத்திருக்கும் படகுகளில்தான் இதை அதிகம் பார்க்கலாம். கரையிலிருந்து வரும் கேபிளின் எர்த் ஒயர் உங்கள் படகின் உலோகத்தையும் பக்கத்துப் படகின் உலோகத்தையும் இணைத்துவிடுகிறது. பக்கத்துக்காரர் தன் ஆனோடை மாற்றாமல் விட்டால், உங்கள் துத்தநாகம் அவர் புரொப்பெல்லரையும் சேர்த்துக் காப்பாற்றும். இதைத் தடுக்க கால்வானிக் ஐசொலேட்டர் என்று ஒரு சிறு பெட்டி இருக்கிறது. உள்ளே இருக்கும் டயோடுகள் இந்தச் சிறிய மின்னழுத்தத்தை மறித்துவிடும். நிஜமான மின்கசிவு ஏற்பட்டால் அதைத் தடையில்லாமல் எர்த்துக்கு விடும். எர்த் ஒயரையே வெட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

நல்ல தண்ணீர் ஏரியில் படகு வைத்திருப்பவர்களுக்குத் துத்தநாகம் ஒத்துவராது. மேலே ஓடு மாதிரி படிந்து வேலையை நிறுத்திவிடும். அங்கே மக்னீசியம் போட வேண்டும். உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தில் அலுமினிய ஆனோடு நல்லது.

செம்புக்குத் திரும்புவோம், கதையின் சுவையான பகுதி அதில்தான் இருக்கிறது. ‘அலார்ம்’ அனுபவத்துக்குப் பிறகு கடற்படை நாளடைவில் இரும்பு ஆணிகளைக் கைவிட்டு, செம்புத் தகட்டைத் தொடர்ந்தது. புழுவைத் தடுத்தது மட்டுமல்லாமல், செம்பு போட்ட அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டவில்லை. ஆனால் தகடு மெல்லக் கரைந்து மெலிந்தது, திரும்பத் திரும்பச் செலவு. இதற்கு வழி கேட்டு அறிவியலாளர் ஹம்ஃப்ரி டேவியிடம் போனார்கள். அவர் 1824ல், செம்பின் பரப்பில் 150ல் ஒரு பங்கு அளவுக்குத் துத்தநாகமோ இரும்போ இணைத்தாலே செம்பு கரைவது நின்றுவிடும் என்று காட்டினார். இன்றைய ஆனோடின் பிறப்பு அதுதான். ‘சமராங்’ என்ற கப்பலில் வார்ப்பிரும்புக் கட்டிகளைப் பொருத்தி அனுப்பினார்கள். செம்பு கரையவில்லை. ஆனால் கப்பல் திரும்பி வந்தபோது அடி முழுக்கப் பாசியும் கொட்டலசும் அப்பிக் கிடந்தன. வேகமே போய்விட்டது.

செம்பு ஏன் சுத்தமாக இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரில் கலக்கும் செம்புதான் பாசிக்கும் கொட்டலசுக்கும் விஷம். கரைவதை நிறுத்தினால் காவலும் நின்றுவிடுகிறது. டேவியின் முறை அறிவியலாக வென்று, அந்தக் கப்பலில் தோற்றது. எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. ஒரே உலோகம் ஓரிடத்தில் கரையக் கூடாததாகவும் இன்னோரிடத்தில் கரைந்தே ஆக வேண்டியதாகவும் இருக்கலாம் என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

இன்றைய படகுகளின் அடியில் அடிக்கும் பெயின்ட் அந்தச் செம்புத் தகட்டின் வாரிசு. பெரும்பாலானவற்றில் செம்பு ஆக்சைடு தூள் கலந்திருக்கும்; அது கரைந்து வெளியேறியபடியே பாசியையும் கொட்டலசையும் தள்ளி வைக்கும். இடையில் ஒரு காலம் வெள்ளீயம் கலந்த டிபிடி என்ற நஞ்சைப் போட்டார்கள். அருமையாக வேலை செய்தது, கடலுக்குத்தான் பெரும் கேடு. பிரான்ஸின் ஆர்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு கோணல்மாணலாக வளர்ந்தது. சிலவகைக் கடல் நத்தைகளில் பெண்களுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. பிரான்ஸ் 1982லும் பிரிட்டன் 1987லும் சிறு படகுகளில் அதைத் தடுத்தன. 2008ல் உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தது. செம்பும் தீங்கில்லாத பொருள் இல்லை. பழைய பெயின்ட்டைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீர் விட்டுத் தேய்த்து, முகமூடி போட்டுக்கொண்டு, விழுகிற கசடைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும். அலுமினிய உடல் கொண்ட படகுக்குச் செம்பு பெயின்ட் அடிக்கவே கூடாது. ஏன் என்று ‘அலார்ம்’ கதையைப் படித்தவர்களுக்கு இப்போது நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயின்ட் அடிக்கும்போது நல்ல பட்டறைக்காரர்கள் ஒரு வித்தை செய்வார்கள். முதல் கோட் சிவப்பு, அதன்மேல் வரும் கோட்டுகள் நீலம். ஒரு வருடம் ஓடியபின் நீலத்துக்கு நடுவே எங்கே சிவப்பு எட்டிப் பார்க்கிறதோ அங்கே பெயின்ட் தீர்ந்துவிட்டது. முதலில் தெரியும் இடங்கள் நீர்மட்டக் கோடு, கீலின் முன்விளிம்பு, சுக்கானின் முன்விளிம்பு. தண்ணீர் வேகமாக உரசும் இடங்கள். அடுத்த முறை அங்கே ஒரு கோட் கூடுதலாகப் போட வேண்டும்.

சென்டாரின் இரட்டைக் கீல் கைகொடுப்பது இந்த மாதிரி வேலைகளில்தான். மற்ற பல படகுகளைக் கிரேன் வைத்துத் தூக்க வேண்டும். இதையோ, கடல் ஏறியிருக்கும்போது கெட்டியான தரையுள்ள இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டால், வற்றியதும் தானாக நிற்கும். அடுத்த ஏற்றம் வருவதற்குள் கிடைக்கும் சில மணி நேரத்தில் புரொப்பெல்லரைச் சுத்தம் செய்து, ஆனோடை மாற்றிவிடலாம். உடலைச் சுரண்டிக் கழுவும் வேலையை மட்டும், கசடு கடலில் போகாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிக் கீழே நிற்கும்போது புரொப்பெல்லரை உற்றுப் பாருங்கள். ஒரு சின்ன இடத்தைத் தேய்த்தால் மஞ்சளாக மின்ன வேண்டும். ரோஜா நிறமாக இருந்தால் கலவையில் இருந்த துத்தநாகம் வெளியேறிவிட்டது. மிஞ்சியிருப்பது பஞ்சு மாதிரியான செம்பு. மரச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல புரொப்பெல்லர் மணிபோல் ஒலிக்கும், செத்தது மொத்தென்று கேட்கும்.

தண்ணீருக்கு மேலேயும் இதே கதைதான். முன்பாயைச் சுருட்டி வைத்திருக்கும் படகுகளில், சுருளின் வெளிப்பக்கம் நீலத்திலோ பச்சையிலோ ஒரு துணிப்பட்டை தெரியும். அலங்காரம் மாதிரி இருக்கும். வெயிலை அது வாங்கிக்கொண்டு பாயைக் காப்பாற்றுகிறது. டேக்ரான் எனப்படும் பாலியஸ்டர் பாய்த்துணி காற்றைப் பல ஆண்டுகள் தாங்கும், வெயிலை அவ்வளவு தாங்காது. துணிக்கு முன்பாகத் தையல் நூல் இற்றுப்போகும். தையலைக் கட்டைவிரல் நகத்தால் கொஞ்சம் அழுத்திக் கீறிப் பாருங்கள். நூல் அறுந்தால் பாய் தைப்பவரிடம் போகும் நேரம் வந்துவிட்டது. மறுதையல் போடும் செலவு புதுப் பாயின் விலையில் ஒரு சிறு பங்கு. நடுக்கடலில் தையல் பிரிந்தால் பாயே போச்சு. பாயைக் காற்றில் படபடக்க விடாமல் இருப்பதும், பருவம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காய வைத்து மடிப்பதும் அதன் ஆயுளைக் கூட்டும். மரத்துக்கு அடிக்கும் வார்னிஷும் இந்த வகைதான். வெயில் வார்னிஷைத் தின்னட்டும், மரத்தைத் தொட வேண்டாம்.

இன்ஜினில் இதற்கு இணையானது இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம். கடல் நீரை உறிஞ்சி இன்ஜினைக் குளிர்விக்கும் பம்பில் சுழல்வது. வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும். கழற்றும்போது ஒரு இதழ் குறைந்திருந்தால் புதியதை மாட்டிவிட்டு அப்படியே மூடிவிடக் கூடாது. அந்த ரப்பர்த் துண்டு தண்ணீர் போகும் வழியில் எங்கோ முன்னால் போய் அடைத்துக் கிடக்கும். தேடி எடுத்தாக வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம் போய் எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் துப்புகிறதா என்று எட்டிப் பார்ப்பதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பாயின் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. பல்சக்கரங்களுக்குக் கிரீஸ் தடவலாம், அதுவும் கொஞ்சமாக. பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் சிறு நாக்குகளுக்கு மட்டும் எண்ணெய்தான். கிரீஸ் பட்டால் அவை ஒட்டிக்கொண்டு, இழுத்த கயிறு திடீரென்று பின்னால் பாயும். கை போய்விடும்.

இனி இரண்டாவது வகை. கரையக் கூடாதவை, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் கரைபவை. என் பயமெல்லாம் இவற்றின் மேல்தான்.

எவர்சில்வரை எடுத்துக்கொள்வோம். அதில் இருக்கும் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மேற்பரப்பில் மிக மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்குகிறது. கீறினாலும் படலம் உடனே மறுபடி உருவாகும். ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். போல்ட் தளத்துக்குள் நுழைந்து மறையும் இடம், நட்டுக்கு அடி, கம்பிவடத்தின் முனையை அழுத்திப் பொருத்திய குழலின் உட்புறம் போன்ற இடங்களில் உப்புத் தண்ணீர் தேங்கினால், அங்கே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். படலம் மீண்டும் உருவாகாது. வெளியே கண்ணாடி மாதிரி மின்னும் போல்ட் உள்ளே பாதியாக அரிக்கப்பட்டிருக்கும்.

பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கம்பிவடங்களில் கீழ் முனைகளை முதலில் பாருங்கள், தண்ணீர் வழிந்து சேர்வது அங்கேதான். ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிப் பிடித்து, வடத்தின் நீளத்துக்கு மெதுவாக இழுத்துப் பாருங்கள். அறுந்த இழை ஒன்று இருந்தாலும் காகிதத்தைக் கவ்விவிடும். வெறுங்கையால் செய்தால் கையைக் கிழிக்கும். வடம் சேரும் முனையில் பழுப்புக் கறை வழிந்திருந்தால் பூதக்கண்ணாடி வைத்து விரிசல் தேடுங்கள். ஒரு இழை அறுந்தாலும் அந்த வடத்தை மாற்றிவிட வேண்டியதுதான். பார்வைக்கு எல்லாம் நன்றாக இருந்தாலும் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றச் சொல்லி பல காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கின்றன. அது நியாயமான கேள்வி.

கீல் போல்ட்டும் அப்படித்தான். 2014 மே மாதம் ‘சீக்கி ரஃபிக்கி’ என்ற 40 அடிப் படகு, ஆன்டிகுவாவிலிருந்து சவுதாம்ப்டனுக்குத் திரும்பும்போது அட்லான்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. நான்கு பேரும் இறந்துபோனார்கள். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பு அடுத்த ஆண்டு தந்த அறிக்கை, முன்பு பலமுறை தரைதட்டியதும் அதற்குச் செய்த பழுதுபார்ப்புகளும் கீல் பொருந்தும் இடத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றது. சென்டாரிலும் கீல் சேரும் இடம்தான் பேர்போன பலவீனம். பல உரிமையாளர்கள் உள்ளே ஃபைபர் வைத்து வலுவூட்டியிருக்கிறார்கள். தரைதட்டினால், மெதுவாகத்தானே தட்டியது என்று விட்டுவிடாமல் தரைப்பலகைகளைத் தூக்கி, கீல் போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அப்புறம் படகின் உடலைத் துளைத்துப் போகும் வால்வுகள். கழிப்பறைக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஒன்று. நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு வால்வு முறிந்தால் படகு மூழ்கும். நல்ல வால்வு வெண்கலத்தில் இருக்கும். செலவு பார்த்துச் சாதாரண பித்தளையைப் போட்டிருந்தால், புரொப்பெல்லருக்குச் சொன்ன அதே ரோஜா நிற நோய் இதற்கும் வரும். ஐரோப்பியத் தர விதியே, அரிப்பைத் தாங்கும் பொருள் என்பதற்கு ஐந்து ஆண்டு பழுதின்றி உழைப்பதைத்தான் அளவாக வைத்திருக்கிறது. அதனால் புதுப் படகு என்றாலும் நம்பிவிடாதீர்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வால்வையும் மூடித் திறங்கள், இல்லாவிட்டால் இறுகிப்போகும். குழாய்க்கு இரண்டு கிளிப் போடுங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் மென்மரத்தில் செய்த கூம்பு ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். வால்வு முறிந்தால் துளையில் அடித்து இறுக்கத்தான்.

பழைய படகு வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவரிடம் மூன்று தேதிகளைக் கேளுங்கள்: கம்பிவடங்கள் எந்த ஆண்டு மாற்றியது, வால்வுகள் எந்த ஆண்டு, ஆனோடு கடைசியாக எப்போது. ரசீது காட்டினால் நல்லது. “ஞாபகமில்லை, ஆனால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது” என்று பதில் வந்தால், மூன்றும் மாற்ற வேண்டும் என்றே கணக்கு வைத்து, அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். பேசி முடிப்பதற்கு முன் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, படகுகளைச் சோதித்துச் சொல்லும் ஒரு சர்வேயரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவர் சிறு சுத்தியலால் உடல் முழுக்கத் தட்டிக் கேட்டு, ஈரமானி வைத்து ஃபைபருக்குள் தண்ணீர் ஊறியிருக்கிறதா என்றும் பார்ப்பார். அவர் வேலை செய்யும்போது கூடவே நில்லுங்கள். எந்தெந்த இடத்தில் குனிகிறார், எதைச் சுரண்டிப் பார்க்கிறார் என்று குறித்துக்கொண்டால், அடுத்த வருடம் முதல் அந்த இடங்களை நீங்களே பார்த்துவிடலாம்.